கியர் சத்தம்: கேட்டு, துடைத்து, பிறகு திருகுவது

கியர் சைக்கிள் சத்தம் போட ஆரம்பித்ததும் பலரும் செய்வது ஒன்றுதான். குனிந்து பார்க்கிறார்கள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன ஸ்க்ரூ கண்ணில் படுகிறது. திருப்புளியை எடுத்து ஒன்றைத் திருகிவிடுகிறார்கள். சத்தம் போகாது, அதுவரை ஒழுங்காக விழுந்துகொண்டிருந்த கியரும் விழாமல் போய்விடும்.

அந்த ஸ்க்ரூக்கள் ஒருமுறை சரியாக வைக்கப்பட்டுவிட்டால் வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். மாறுவதெல்லாம் வேறு பாகங்கள். செயினில் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து பசையாகும். ஒயர் தளரும், அல்லது உள்ளே துருப்பிடித்துச் சிக்கும். சைக்கிள் வலப்பக்கமாகச் சாய்ந்து விழுந்தால் ஹேங்கர் வளையும். செயின் தேயும். ஆகவே இந்த அத்தியாயத்தில் வேலையின் வரிசை இது: முதலில் காதால் கேட்பது, அடுத்து துடைத்து எண்ணெய் விடுவது, பிறகு ஹேங்கரைப் பார்ப்பது, அதன்பின் ஒயர். இவ்வளவும் முடிந்தும் சத்தம் இருந்தால்தான் ஸ்க்ரூ. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இங்கே சொல்வது முன்னால் 3, பின்னால் 7 பல்சக்கரம் உள்ள 21 கியர் சைக்கிளை வைத்து. 18, 24 கியர் சைக்கிளுக்கும் முறை இதேதான். சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் மாடல்களுக்கு இது பொருந்தாது.

தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் விளக்கம்

பின்னால் தொங்கும் கை போன்ற பாகம் டீரெய்லர். அதில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள் இருக்கும். அவை ஜாக்கி வீல். டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் தட்டையான உலோகத் துண்டு ஹேங்கர். ஹேண்டில்பாரில் உள்ள கியர் லிவர் ஒவ்வொரு ‘கிளிக்’குக்கும் ஒயரை ஒரு குறிப்பிட்ட நீளம் இழுக்கும், டீரெய்லர் அடுத்த பல்சக்கரத்துக்கு நேராக நகரும். கிளிக் வைத்த இந்த முறையை ஷிமானோ 1984இல் தன் டியூரா-ஏஸ் வரிசையில் கொண்டுவந்தது. அதற்கு முன் ஓட்டுபவரே லிவரை முன்னும் பின்னும் நகர்த்தி, சத்தம் அடங்கும் இடத்தைத் தேடிக்கொள்ள வேண்டும்.

பின்சக்கரத்தில் இந்தப் பல்சக்கரங்கள் சேர்ந்த தொகுப்புதான் ஃப்ரீவீல். 7 கியர் ஃப்ரீவீலில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 5 மில்லிமீட்டர். டீரெய்லர் இதில் ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றாலே செயின் பக்கத்துப் பல்லில் உரசி ஓசை எழுப்பும்.

எடுத்து வைக்க வேண்டியவை

5 மி.மீ. எல் கீ (பழைய டீரெய்லராக இருந்தால் 9 மி.மீ. ஸ்பானர்), ஸ்டார் திருப்புளி, கட்டிங் பிளேயர், பழைய டூத் பிரஷ், ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட், செயின் எண்ணெய், 12 அங்குலம் முழுதாகக் குறித்த ஸ்டீல் ஸ்கேல். பெடலைக் கழற்ற வேண்டிவந்தால் மட்டும் 15 மி.மீ. ஸ்பானர்.

பின்சக்கரம் தரையைத் தொடாமல் சுற்ற வேண்டும். ரிப்பேர் ஸ்டாண்ட் இல்லையென்றால் சீட்டைக் கயிற்றால் கட்டி ஜன்னல் கம்பியிலோ மரக்கிளையிலோ ஒரு சாண் உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு வேலை பார்ப்பது நம் ஊர் வழக்கம். பஞ்சர் ஒட்ட அது சரி. கியர் வேலைக்கு வேண்டாம். மேல் கீழ் மாறித் தெரிவதால் எந்தப் பக்கம் திருகுகிறோம் என்பதில் குழப்பம் வரும். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளைக் கவிழ்த்தால் சில சமயம் லைனுக்குள் காற்று புகுந்து பிரேக் தளர்ந்துவிடும்.

தொடங்கும் முன்: கவனம்

- விரல்: செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே விரல் மாட்டினால் நுனி போய்விடும். ஒரு கை பெடலைச் சுற்றும்போது மற்றொரு கை செயினருகே போகக் கூடாது. துடைக்கும் வேலைக்கு மட்டும் விதிவிலக்கு. அதன் முறை கீழே வருகிறது. சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டால் நீங்கள் நிறுத்திய பிறகும் சுழன்றுகொண்டிருக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பாருங்கள்.
- உடை: லுங்கி நுனி, துப்பட்டா, தளர்ந்த முழுக்கைச் சட்டை எதுவும் செயினுக்கு அருகே தொங்க வேண்டாம்.
- எண்ணெய்: பிரேக் கட்டை, ரிம், டிஸ்க் தகடு இவற்றில் ஒரு சொட்டு பட்டாலும் பிரேக் பிடிக்காது. ஆகவே ஸ்பிரே டப்பாவைப் பின்சக்கரத்துக்கு அருகே அழுத்தவே வேண்டாம். சொட்டுச் சொட்டாக விடும் பாட்டில்தான் சரி.
- மண்ணெண்ணெய் உபயோகித்தால் வெளியில், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கும் பீடி சிகரெட்டுக்கும் தள்ளி. பெட்ரோல் கூடவே கூடாது. அதன் ஆவி தூரத்து நெருப்பிலும் பற்றும்.

முதல் வேலை: காதைக் கொடுங்கள்

ஆளில்லாத தெருவில், டயரில் காற்று சரியாக வைத்துக்கொண்டு, மெதுவாக ஓட்டுங்கள். இந்த நான்கு கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. மிதிப்பதை நிறுத்தினால் சத்தம் நிற்கிறதா? நின்றால் குற்றவாளி செயின், கியர், பெடல், பெடலைத் தாங்கும் கிராங்க் இவற்றில் ஒன்று. நிற்காமல் தொடர்ந்தால் சக்கரம், பிரேக், மட்கார்டு பக்கம் தேடுங்கள். மிதிக்காமல் உருளும்போது பின்னாலிருந்து வரும் ‘டிக்டிக்டிக்’ மட்டும் கோளாறு அல்ல. ஃப்ரீவீலுக்குள் இருக்கும் நாய்ப்பல் எழுப்பும் ஓசை அது.

2. எல்லா கியரிலும் வருகிறதா, ஒன்றிரண்டில் மட்டுமா? எல்லாவற்றிலும் வந்தால் அழுக்கு, வறட்சி, தேய்மானம். குறிப்பிட்ட கியர்களில் மட்டும் வந்தால் ஒயர் அல்லது ஹேங்கர்.

3. எத்தனை சுற்றுக்கு ஒருமுறை? பெடல் ஒரு சுற்று வரும்போதெல்லாம் சரியாக ஒரு ‘டக்’ என்றால் பெடல், கிராங்க் பக்கம். இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை என்றால் செயினில் ஒரே ஒரு கண்ணி கெட்டிருக்கிறது. கணக்கு எளிது: செயினில் சுமார் 110 கண்ணி, முன்னால் 42 பல் என்றால் செயின் முழுச்சுற்று வர பெடல் இரண்டரைச் சுற்றுக்குச் சற்று மேல் சுற்ற வேண்டும்.

4. எழுந்து நின்று மிதித்தால் சத்தம் போய்விடுகிறதா? அப்படியானால் அது சீட்டும் சீட் கம்பியும் போடும் சத்தம். கியரைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். முன்னால் 3ஆம் கியர், பின்னால் 1ஆம் கியர். அதாவது இரண்டு பக்கமும் பெரிய பல்சக்கரம். அல்லது இரண்டு பக்கமும் மிகச் சின்னது. இப்படிப் போட்டால் செயின் கோணலாக ஓடி எந்தச் சைக்கிளும் சத்தம் போடும். இதைச் சரிசெய்ய முடியாது; தவிர்க்கத்தான் வேண்டும். முன்னால் 1 என்றால் பின்னால் 1 முதல் 3 வரை, முன்னால் 2 என்றால் பின்னால் 2 முதல் 6 வரை, முன்னால் 3 என்றால் பின்னால் 5 முதல் 7 வரை. ‘21 கியருக்கும் காசு கொடுத்தேனே’ என்று வருத்தப்பட வேண்டாம். ஏறக்குறைய அதே இழுப்பு வேறு கியரில் கிடைத்துவிடும்.

‘கீச் கீச்’, ‘கரகர’: துடைப்பும் எண்ணெயும்

கீச்சென்று கத்தினால் எண்ணெய் வறண்டிருக்கிறது. கரகரவென்று அரைத்தால் மண். வடகிழக்குப் பருவமழையில் ஓட்டிய சைக்கிளுக்கு இரண்டும் சேர்ந்தே வரும். கடலோரச் சாலைகளில் ஓட்டுபவர்களுக்கு உப்புக் காற்றின் துரு கூடுதல்.

1. கியரை முன்னால் 2, பின்னால் 7இல் வையுங்கள்.

2. செயினின் கீழ்ப் பகுதியை, ஜாக்கி வீலுக்குச் சற்று முன்னால், பனியன் வேஸ்ட்டால் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். பின்பக்கமாகச் சுற்றும்போது கீழ்ச் செயின் துணியை முன் பல்சக்கரத்தை நோக்கி இழுக்கும். பல்லுக்கு ஒரு சாண் தூரத்திலேயே கை நிற்கட்டும். துணி கறுப்பாக ஆக மடித்து மடித்துப் பிடியுங்கள்.

3. அப்படியும் அழுக்கு விடவில்லையென்றால் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, உதறிவிட்டு, செயினின் நான்கு பக்கமும் தேயுங்கள். மண்ணெண்ணெய் வழிய வழிய ஊற்றக் கூடாது. ஃப்ரீவீலுக்குள்ளே போனால் அங்கிருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். பிறகு அது வேறு கரகரப்பு. பெட்ரோல் பங்க் வாட்டர் சர்வீஸில் பீய்ச்சி அடிக்கும் தண்ணீரும் இதே கெடுதலைச் செய்யும்.

4. ஜாக்கி வீலைப் பாருங்கள். பல்லுக்குப் பல் கறுப்புப் பசை தார் மாதிரி ஒட்டியிருக்கும். ஐஸ் குச்சியால் சுரண்டினால் பட்டையாக உரிந்து வரும். பக்கவாட்டில் தலைமுடி, சாக்கு நூல், பிளாஸ்டிக் இழை சுற்றியிருந்தால் பிளேடால் வெட்டி உருவிவிடுங்கள். எண்ணெயே பார்க்காத ஜாக்கி வீல்தான் பல சைக்கிள்களில் அந்தக் ‘கீச்’சுக்குக் காரணம். நடு அச்சில் இரு பக்கமும் ஒரு சொட்டு விட்டால் உடனே அடங்கும்.

5. பல்சக்கரங்களுக்கு இடையில் துணி நாடாவை நுழைத்து முன்னும் பின்னும் இழுத்துத் துடையுங்கள். இந்த நேரம் பெடலைச் சுற்றக் கூடாது.

6. செயின் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒவ்வொரு கண்ணியின் உருளை மேலும் ஒரு சொட்டு எண்ணெய், உட்பக்கமாக. ஒரு சுற்று போதும். பத்து நிமிடம் விட்டுவிட்டு, வெளியே தெரியும் எண்ணெயை அத்தனையும் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்வது கண்ணிகளை இணைக்கும் முள்ளுக்கும் உருளைக்கும் நடுவே. வெளியே பளபளப்பது மண்ணைப் பிடிக்க மட்டும்தான்.

எந்த எண்ணெய் என்று எல்லோரும் கேட்பார்கள். சைக்கிள் செயினுக்கென்று விற்பதே நல்லது. கிடைக்காத ஊரில் தையல் மெஷின் எண்ணெய் போடலாம். சீக்கிரம் வறளும், அடிக்கடி விட வேண்டும். கிரீஸ் வேண்டாம். சமையல் எண்ணெய் நாளடைவில் பிசுக்காகி இறுகும். பைக்கிலிருந்து இறக்கிய பழைய எஞ்சின் ஆயிலில் உலோகத் தூள் கலந்திருக்கும். அதை ஊற்றுவது செயினைத் தேய்க்கும் வேலை. துருநீக்கி ஸ்பிரே துருவை இளக்கும், ஆனால் செயினில் நிற்காது.

ஹேங்கரைப் பாருங்கள்

சைக்கிளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, கண்ணைப் பின்சக்கரத்தின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேல் ஜாக்கி வீலும் கீழ் ஜாக்கி வீலும் பல்சக்கரத்துக்கு இணையாக ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கீழ் வீல் ஸ்போக்ஸ் பக்கமாகச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது. சைக்கிள் வலப்பக்கம் விழுந்ததோ, ரயிலிலோ பஸ் மேலோ ஏற்றி வந்ததோ நினைவுக்கு வரும்.

வளைந்த ஹேங்கரை வைத்துக்கொண்டு எத்தனை முறை ஒயரைத் திருகினாலும் இரண்டு கியர் சரியாகும், மூன்று கியர் கெடும். இங்கேதான் பலருடைய ஞாயிற்றுக்கிழமை வீணாகிறது. அலுமினிய ஃபிரேமில் ஹேங்கர் பெரும்பாலும் தனித்துண்டாக இருக்கும். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதே வடிவத்தில் வாங்கி மாட்டுங்கள். மாடலுக்கு மாடல் வடிவம் மாறும். இரும்பு ஃபிரேமில் ஒட்டியே இருந்தால் கடைக்காரர் அளவுகோல் வைத்து நிமிர்த்தித் தருவார். கையாலோ சுத்தியலாலோ நிமிர்த்த வேண்டாம்.

இதில் ஆபத்தும் உண்டு. வளைந்த ஹேங்கரோடு மேட்டில் 1ஆம் கியர் போட்டால் டீரெய்லர் ஸ்போக்ஸுக்குள் நுழைந்து சுற்றிக்கொள்ளும். டீரெய்லரும் போகும், ஸ்போக்ஸும் போகும், சக்கரம் பூட்டி ஆளும் விழுவார். சரிசெய்யும் வரை 1ஆம் கியரைத் தொடாதீர்கள்.

ஒயர்: சத்தத்தின் பெரும்பங்கு இங்கேதான்

சுத்தமான செயின், நேரான ஹேங்கர், ஆனாலும் சில கியரில் சரசரவென்று உரசுகிறது. அல்லது கியர் போட்ட பிறகு யோசித்து யோசித்து விழுகிறது. இதற்குத் திருப்புளியே வேண்டாம். டீரெய்லருக்குள் ஒயர் நுழையும் இடத்திலோ லிவரிலிருந்து ஒயர் வெளிவரும் இடத்திலோ விரலால் திருகும் வரிவரியான குமிழ் ஒன்று இருக்கும். அதுதான் அட்ஜஸ்டர். மரை வெளியே வரும்படி திருகினால் ஒயர் இறுகும். உள்ளே போகும்படி திருகினால் தளரும். திசையை மனப்பாடம் செய்ய வேண்டாம், வெளியேயா உள்ளேயா என்று மட்டும் பாருங்கள்.

1. முன்னால் 2, பின்னால் 7. செயின் இப்போது மிகச் சிறிய பல்சக்கரத்தில் இருக்கும்.

2. ஃபிரேமின் மேல் ஓடும் ஒயரை விரலால் நெம்பிப் பாருங்கள். தொளதொளவென்று தொங்கினால், அட்ஜஸ்டரை முழுதும் உள்ளே திருகி ஒரு சுற்று வெளியே எடுங்கள். டீரெய்லரில் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, ஒயர் நுனியைப் பிளேயரால் லேசாக இழுத்துப் பிடித்தபடி போல்ட்டை இறுக்குங்கள். அளவு 5 முதல் 7 நியூட்டன் மீட்டர்தான். சின்ன எல் கீயை மூன்று விரலால் பிடித்து இறுக்கினால் போதும். முழங்கை பலம் போட்டால் மரை அறுந்துவிடும்.

3. பெடலை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டே ஒரே ஒரு கிளிக், 6ஆம் கியருக்கு. செயின் உடனே ஏற வேண்டும். ஏறவில்லை அல்லது தயங்குகிறது என்றால் ஒயர் தளர்வு: அட்ஜஸ்டரை அரைச் சுற்று வெளியே. ஏறியதோடு நிற்காமல் 5ஆவது பல்சக்கரத்தில் உரசுகிறது என்றால் இறுக்கம் அதிகம்: கால் சுற்று உள்ளே.

4. 6இல் சத்தம் அடங்கியதும் 5, 4, 3, 2, 1 என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஒவ்வொரு கியரிலும் சில சுற்று சுற்றிக் கேளுங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் இனித் திருக வேண்டாம்.

5. இப்போது 1இலிருந்து 7 வரை இறக்குங்கள்.

ஐந்தாவது படியை யாரும் தவிர்க்கக் கூடாது. ஏற்றும்போது கச்சிதமாக விழுந்து, இறக்கும்போது மட்டும் தயங்கினால் கோளாறு இறுக்கத்தில் இல்லை. ஒயர் தன்னை மூடியிருக்கும் உறைக்குள், அதாவது அவுட்டருக்குள், சிக்குகிறது. ஏற்றுவது உங்கள் கட்டைவிரல் பலம், இறக்குவது டீரெய்லரில் உள்ள ஸ்பிரிங். துருவை எதிர்த்து இழுக்கும் வலு அந்த ஸ்பிரிங்குக்கு இல்லை. இந்த நிலையில் அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் இறங்குவது சரியாகும், ஏறுவது கெடும். இறுக்கினால் திரும்ப முதல் கதை. மாறி மாறித் திருகி மாலையாகிவிடும்.

சிக்கும் ஒயரை எடுத்துப் பார்க்க ஒரு சுலப வழி உண்டு. கியரை 1இல் வைத்து சக்கரத்தை நிறுத்துங்கள். பெடலைச் சுற்றாமலேயே லிவரை மட்டும் 7க்குக் கொண்டுவாருங்கள். ஒயர் மொத்தமும் தளர்ந்துவிடும். ஃபிரேமில் பிளவு வைத்த தாங்கிகளிலிருந்து அவுட்டரை உருவி, பக்கத்தில் தள்ளி, உள்ளே இருந்த கம்பியைத் துடையுங்கள். ஒரு சொட்டு எண்ணெய் தடவி முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். டீரெய்லருக்கு முன் வளைந்து நிற்கும் கடைசித் துண்டு அவுட்டரில்தான் தண்ணீர் தங்கும். முதல் துரு அங்கேதான். கம்பியில் ஒரு இழை பிரிந்திருந்தாலோ அவுட்டர் நசுங்கியிருந்தாலோ இரண்டையும் மாற்றுங்கள்.

வாங்கும்போது எச்சரிக்கை: கியர் அவுட்டரும் பிரேக் அவுட்டரும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், உள்ளே வேறு. பிரேக் அவுட்டரில் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். கியர் அவுட்டரில் நீளவாக்கில் ஓடும். பிரேக் அவுட்டரைக் கியருக்குப் போட்டால் கியர் கொஞ்சம் மந்தமாகும், அவ்வளவுதான். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் அவசரத்தில் அழுத்தும்போது வெடித்துப் பிளந்து பிரேக் இல்லாமல் போகும். மீந்த துண்டைப் பிரேக்குக்கு ஒட்டுப்போட்டுவிடாதீர்கள்.

இனி ஸ்க்ரூ

பின் டீரெய்லரில் எச், எல் என்று ஆங்கில எழுத்து பொறித்த இரண்டு ஸ்க்ரூ. செயின் எந்த எல்லைக்கு மேல் போகக் கூடாது என்று தடுப்பது மட்டுமே இவற்றின் வேலை. நடு கியர்களில் வரும் சத்தத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. செயின் 7ஐத் தாண்டி ஃபிரேம் பக்கம் விழுந்தால் எச். 1ஐத் தாண்டி ஸ்போக்ஸ் பக்கம் விழுந்தால் எல். கடிகாரச் சுற்றில் திருகினால் அந்த எல்லை சுருங்கும்.

திருகும் முன் ஸ்க்ரூவின் நிலையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 7இல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் மேல் ஜாக்கி வீல் மிகச் சிறிய பல்சக்கரத்தின் வெளி விளிம்புக்கு நேர் கீழே நிற்க வேண்டும். 1இல் மிகப் பெரியதற்கு நேர் கீழே. இல்லையென்றால் கால் கால் சுற்றாகத் திருகுங்கள். எல் ஸ்க்ரூவைச் சரிபார்க்கும்போது சக்கரத்தை மெதுவாகவே சுற்றுங்கள். ஸ்போக்ஸுக்குள் செயின் போனாலும் சேதம் குறைவாக இருக்கும்.

1ஆம் கியரில் மட்டும் கடகடவென்று வந்தால் மேல் ஜாக்கி வீல் பெரிய பல்சக்கரத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள். இடித்தால் ஹேங்கரை ஒட்டிப் பின்பக்கம் இருக்கும் மூன்றாவது ஸ்க்ரூவைக் கடிகாரச் சுற்றில் திருகுங்கள். இரண்டுக்கும் நடுவே 5, 6 மில்லிமீட்டர் இடைவெளி போதும்.

முன்பக்க உரசல்

முன் டீரெய்லர் என்பது செயினை இருபுறமும் அணைத்து நிற்கும் ஒரு கூண்டு. அதன் வெளித்தகடு பெரிய பல்சக்கரத்தின் பல்லுக்கு மேலே 1 முதல் 3 மில்லிமீட்டர் உயரத்தில், அதற்கு இணையாக இருக்க வேண்டும். கோணலாக இருந்தால் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தித் திருப்புங்கள். பின்னால் கியர் மாற்றும்போது செயின் பக்கவாட்டில் நகர்வதால் கூண்டில் உரசுவது சகஜம். முன்னால் 2, பின்னால் 1 போட்டு உள் தகட்டில் உரசாதபடி இடது லிவரின் அட்ஜஸ்டரை வைத்தால் அன்றாட ஓட்டத்துக்குப் போதும். மூன்று கியரிலும் முழு அமைதி வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். மலிவான முன் டீரெய்லரில் அது கிடைக்காது.

‘டக்’, ‘கடக்’: தேய்மானமும் தளர்வும்

*பெடல் சுற்றுக்கு ஒரு ‘டக்’:* ஸ்பானரை எடுக்கும் முன் முன் டீரெய்லர் ஒயரின் நுனியைப் பாருங்கள். நீளமாக விட்டிருந்தால் கிராங்க் சுற்றும்போதெல்லாம் அதில் தட்டும். உள்பக்கம் மடித்துவிட்டால் தீர்ந்தது. அது இல்லையென்றால் பெடலை இறுக்குங்கள். வலது பெடல் கடிகாரச் சுற்றில் இறுகும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம், எதிர்ச்சுற்றில்தான் இறுகும். அடுத்து முன் பல்சக்கரத்தின் போல்ட்டுகள், கிராங்க் போல்ட். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதென்றால் ஓட்டாதீர்கள். தளர்ந்த கிராங்கில் மிதிக்க மிதிக்க அதன் சதுரத் துளை விரிந்து, பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

*இரண்டரைச் சுற்றுக்கு ஒருமுறை:* பெடலைப் பின்பக்கமாக மெல்லச் சுற்றி, ஜாக்கி வீல் வழியே செயின் வருவதைப் பாருங்கள். ஒரு கண்ணி மட்டும் நிமிராமல் துள்ளும். செயினை இணைத்த இடமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். எண்ணெய் விட்டு, இரு பக்கமும் கட்டைவிரல் வைத்துப் பக்கவாட்டில் லேசாக வளைத்து வளைத்து விடுங்கள், இளகிவிடும்.

*அழுத்தி மிதிக்கும்போது ‘கடக்’ என்று நழுவுதல்:* இது தேய்மானம். ஸ்கேலின் பூஜ்யத்தைச் செயினின் ஒரு முள் நடுவில் வையுங்கள். அதிலிருந்து 24ஆவது முள் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் தாண்டியிருந்தால் செயினை மாற்றுங்கள். 8இல் ஒரு பங்கு தாண்டிவிட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அப்போது புதுச் செயினை மட்டும் போட்டால் பழைய பல்லில் உட்காராமல் முன்னைவிட மோசமாக நழுவும். நழுவும் செயினோடு எழுந்து நின்று மிதிக்காதீர்கள். திடீரென்று கால் கீழே போய் ஃபிரேம் பாரில் விழ நேரும்.

கடையில் ‘6, 7, 8 கியருக்கான செயின்’ என்று கேளுங்கள். கியர் இல்லாத சாதாரண சைக்கிளின் செயின் அகலமானது, பொருந்தாது. 9 கியர் செயின் அதைவிடவும் இதைவிடவும் மெலிது.

எப்போது கடைக்குப் போவது

ஹேங்கர் நிமிர்த்துவது, ஃப்ரீவீல் கழற்றுவது, கிராங்க் அச்சின் பேரிங் மாற்றுவது இம்மூன்றுக்கும் தனிக் கருவி வேண்டும். ஒருமுறை வேலைக்காக வாங்குவதைவிடக் கடையே மேல். போகும்போது ‘சத்தம் வருது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த கியரில், மிதிக்கும்போதா, எத்தனை சுற்றுக்கு ஒருமுறை என்பதையும் சொல்லுங்கள். ‘ஹேங்கர் நேரா இருக்கான்னு பார்த்தீங்களா அண்ணே?’ என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் முதலில் பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். துடைத்த எண்ணெய் ரிம்மில் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பிறகு வாகனம் இல்லாத தெருவில் ஒவ்வொரு கியராக ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். தொங்கவிட்டுச் சுற்றும்போது அமைதியாக இருந்தது ஆள் ஏறியதும் லேசாக மாறலாம். புது ஒயர் போட்டிருந்தால் அவுட்டர் முனைகள் தம் இடத்தில் படிந்து சில நாளில் கொஞ்சம் தளரும். அட்ஜஸ்டரை அரைச் சுற்று வெளியே திருகினால் போதும்.